முன்சியாரியும் ஒரு தகரப் பெட்டியும்

பரேலிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மே மாதம் வந்தால் எல்லாரும் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவோம். இந்தத் தடவை எங்கள் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. "பக்கத்துலயே இமயமலையை வச்சுக்கிட்டு மூணு வருஷமா கூலருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கோம்" என்று தங்கமணி ஆரம்பித்தார். நியாயமான பேச்சு. நைனிடால் மே மாதத்தில் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும் என்று அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள். எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் குமாவுன்காரர் ஒருவர்தான் "முன்சியாரி போங்க சார், கூட்டமே இருக்காது" என்றார். ஏன் கூட்டம் இருக்காது என்பது இரண்டு நாள் கார் பயணத்தில் புரிந்தது :-)

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை விற்கப் பேச்சு முடிந்துவிட்டது. "டேய், பரண்ல தாத்தாவோட தகரப் பெட்டி கெடக்கு. உள்ள பூரா பர்மாக் கணக்கு. செல்லரிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை பரணை ஒழிக்கிறேன், பேப்பர்காரன்ட்ட போட்டுறவா?"

நான் ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்தேன். "போட்டுருங்கண்ணே, யாருக்கு வேணும் அது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். இந்தக் கதைக்கு இது வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஹல்த்வானி வழியாக அல்மோரா. இரண்டாம் நாள் பேரிநாக், தல், நாச்னி என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஒன்பது மணி நேரம். சின்னவன் நான்கு தடவை வாந்தி எடுத்தான். பிர்த்தி என்ற இடத்தில் 126 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி விழுகிறது. அங்கே முகம் கழுவினதும்தான் எல்லாருக்கும் உயிர் வந்தது. அதற்கு மேலே காலாமுனி கணவாய், சுமார் 9000 அடி. அங்கே ஒரு காளி கோயில், வேண்டுதலுக்குக் கட்டிய மணிகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கணவாயைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் எதிரே பஞ்சசூலி.

ஐந்து பனிச் சிகரங்கள், வரிசையாக. அதில் உயரமானது 6904 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குக் கிளம்பும் முன் கடைசியாகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்று ஊர்க் கதை. சாயங்கால வெயில் பட்டுச் சிவந்து நின்றபோது அடுப்பு என்று ஏன் சொன்னார்கள் என்பது தெரிந்தது.

முன்சியாரி கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம்தான், சுமார் 2200 மீட்டர். ஆனால் ஊட்டியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு கடைவீதி, ஜீப் ஸ்டாண்டு, கீழே வெகு ஆழத்தில் கோரி கங்கா. நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்தை ஒட்டிய வயது. நான் வங்கி என்று தெரிந்ததும் 'பேங்க் சாகிப்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பேரிநாக்கில் வாங்கி வந்த வாழைப்பழத்தை நான் நீட்ட, அவர் உப்புப் போட்ட வெண்ணெய் டீயை நீட்ட, பேச்சு ஆரம்பமானது.

"உங்களுக்கு எது சொந்த ஊர்?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வெளியூரில் வாழ்கிற நாம் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தானே.

"எதைச் சொல்ல? மூணு இருக்கு" என்றார்.

அவர் ஷௌக்கா இனத்தவர். வெள்ளைக்காரன் எழுதி வைத்த பெயர் போட்டியா. முன்சியாரிக்கு வடக்கே கோரி கங்கா வரும் பள்ளத்தாக்குக்குப் பெயர் ஜோஹார். அதன் மேல் முனையில், 3400 மீட்டருக்கு மேல், மிலம் என்ற ஊர். இவர்கள் வெயில் காலத்தில் மிலம் போன்ற மேல் ஊர்களில் இருப்பார்கள். பனி விழுமுன் முன்சியாரிக்கு இறங்குவார்கள். கடுங்குளிரில் இன்னும் கீழே, நாங்கள் காரில் தாண்டி வந்த தேஜம் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கு. கிழவி, குழந்தை, நாய், ஆடு எல்லாம் சேர்ந்து வருடா வருடம் இந்த நடை. "வருஷத்துக்கு மூணு ட்ரான்ஸ்ஃபர்" என்று சிரித்தார். மூன்று வருடத்துக்கு ஒன்று வந்தாலே ரீஜனல் ஆபீஸைத் திட்டுகிற எனக்கு வாய் அடைத்தது.

இவ்வளவு நடை எதற்கு? வியாபாரம். மிலத்துக்கு வடக்கே திபெத். அங்கே தானியம் சரியாக விளையாது, உப்பும் கம்பளியும் நிறைய. இங்கே தானியம் உண்டு, உப்பு இல்லை. அரிசி, கோதுமை, பார்லி, வெல்லம், துணி மேலே போகும். உப்பு, கம்பளி, குதிரை, வெங்காரம் கீழே வரும். வெங்காரம் என்றால் நம்ம ஊர் தட்டார் நகை பற்றவைக்கும்போது தொட்டு வைப்பாரே, அதுதான். சரக்கு லாரி யார் தெரியுமா? ஆடு. ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்கும் சின்னக் கம்பளிப் பை, பத்து கிலோ அளவுக்குச் சுமை. நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாகப் போகும்.

வழி லேசுப்பட்டது இல்லை. உண்டா துரா, ஜயந்தி, குங்ரி பிங்ரி என்று மூன்று கணவாய்கள், மூன்றும் 17000 அடிக்கு மேல். நடுவில் ஆடு மேயப் புல் கிடையாது, ராத்திரி தங்கினால் பனியில் செத்துவிடும். அதனால் மூன்றையும் முடிந்தவரை ஒரே நாளில் தாண்டிவிடப் பார்ப்பார்கள். தாண்டினால் திபெத்தின் ஞானிமா சந்தை. கோடையில் மட்டும் கூடாரங்கள் முளைக்கிற ஊர், குளிரில் வெறும் பொட்டல்.

மறுநாள் சனிக்கிழமை எங்கள் சாகசம். முன்சியாரியிலிருந்து தல் போகும் சாலையில் கொஞ்ச தூரம் திரும்பி வந்தால் காலியா டாப் ஏறும் பாதை ஆரம்பிக்கிறது. உச்சி சுமார் 3500 மீட்டர். மலையேறத் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். நாற்பதைத் தாண்டி, கேஷ் கேபின் நாற்காலியில் வளர்ந்த தொப்பைக்கு இதுவே எவரெஸ்ட். முதலில் ஓக் காடு. பிறகு புரான்ஸ் மரங்கள், ரத்தச் சிவப்பில் பூக்கும். கீழே பூ முடிந்துவிட்டது, மேலே இன்னும் மிச்சம் இருந்தது. அதற்கும் மேலே மரமே இல்லாத புல்வெளி, பள்ளங்களில் அழுக்கேறிய பனி.

பெரியவர் ராத்திரி நைன் சிங் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் மகளுக்கும் எனக்கும் ஒரு போட்டி. அவள் போனில் அடி எண்ணும் செயலி. நான் வாயால் எண்ணுவது. மூச்சு வாங்க, 'எழுநூத்தி...' என்ற இடத்தில் சின்னவன் "அப்பா, மோனால்!" என்று கத்தினான். வானவில் நிறத்தில் ஒரு பறவை புதரிலிருந்து எழுந்து போனது. எண்ணிக்கை போயே போச்சு. முதல் மைலைக் கூட என்னால் முடிக்க முடியவில்லை.

நைன் சிங் ராவத் 1830இல் மிலத்தில் பிறந்தவர், அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'பண்டிட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1863இல் அவரையும் உறவுக்காரர் மானி சிங்கையும் பிரிட்டிஷ் சர்வே துறை வேலைக்கு எடுத்தது. எந்த சர்வே? 1802இல் நம்ம சென்னைப் பரங்கிமலையில் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கினாரே, அதே மாபெரும் முக்கோண அளவைதான். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி அடிபட்டது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே சரிசெய்தார். அப்படி தெற்கிலிருந்து வடக்கே வந்த வேலை இமயமலையில் வந்து முட்டிக்கொண்டது. அதற்கு அப்பால் திபெத், வெள்ளைக்காரனுக்கு அனுமதி இல்லை.

ஆனால் ஷௌக்கா வியாபாரிக்கு அனுமதி உண்டு. மாண்ட்கோமரி என்ற சர்வே அதிகாரி இதைப் பிடித்துக்கொண்டார். டேராடூனில் வைத்து நைன் சிங்குக்குப் பயிற்சி. மைலுக்கு 2000 அடி வருகிற மாதிரி, மேடோ பள்ளமோ ஒரே அளவாகக் கால் வைக்கப் பழக்கினார்கள். எண்ணுவதற்கு ஜபமாலை. திபெத்திய மாலையில் 108 மணி இருக்கும், இவருடையதில் 100தான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், ஒரு சுற்று பத்தாயிரம் அடி, அதாவது ஐந்து மைல். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புத் தாள். சோழிக்குள் பாதரசம். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆடாத தளமாக வைத்து, செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திர உயரம் அளப்பார். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தை வைத்து இடத்தின் உயரம் கணக்கிடுவார்.

1865இல் கிளம்பி நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்து 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். சுமார் 1200 மைல் நடை அளந்திருக்கிறார். மைலுக்கு 2000 என்றால் 24 லட்சம் அடி. நான் எழுநூறில் விட்டேன் என்பதை இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன். வழியில் கைக்காசு கரைந்தபோது நேபாளக் கடைக்காரர்களுக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தாராம். பி.காம். படித்த எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இந்த இடத்தில் இரண்டு மடங்கானது! லாசா எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று வரைபடத்தில் ஒழுங்காகக் குறித்தது இந்த வாத்தியார்தான். 1877இல் லண்டன் ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. நம் தபால் துறை 2004இல் தபால்தலை வெளியிட்டது. பெரியவர் வேலை பார்த்த துறை என்பதால் அதை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

"உங்களுக்குப் பெருமையாக இருக்கும்" என்றேன்.

"பெருமைதான். ஆனா எங்க அப்பா வேற மாதிரி சொல்வார். வியாபாரின்னு நம்பித்தானே அவங்க உள்ள விட்டாங்க. அந்த நம்பிக்கையைத்தான் சர்க்கார் வாடகைக்கு எடுத்துச்சு."

இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை என்று எங்களுக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்சேன் கிராமத்தில் உள்ள பழங்குடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஷேர் சிங் பாங்தே என்ற ஆசிரியர் சொந்த முயற்சியில் உருவாக்கியது. ஆட்டுப் பைகள், கம்பளித் தறி, மரப் பாத்திரங்கள், திபெத் வியாபாரச் சாமான்கள். ஒரு பள்ளத்தாக்கின் பீரோவைத் திறந்து பார்ப்பது போல இருந்தது. திரும்பி வந்து, எனக்கு மண்டையைக் குடைந்த கேள்வியைப் பெரியவரிடம் கேட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிற ஆள். வேறு நாடு, வேறு பாஷை. கடனுக்குச் சரக்கு கொடுத்தால் எந்த தைரியத்தில் கொடுப்பது? போலீஸ் உண்டா, கோர்ட் உண்டா, ஜாமீன் உண்டா?

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய கம்பளித் துணி முடிச்சைக் கொண்டு வந்து அவிழ்த்தார். உள்ளே பாதி உடைந்த ஒரு கல், உள்ளங்கை அளவு.

ஷௌக்கா வியாபாரி ஒவ்வொருவருக்கும் திபெத்தில் ஒரு 'மித்ரன்' உண்டு. வாடிக்கையாளர் என்று சொன்னால் பற்றாது, உறவு மாதிரி. அந்த உறவை ஆரம்பிக்கும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு வரும். தான் போக முடியாவிட்டால், போகிற ஆளிடம் தன் பாதியைக் கொடுத்து அனுப்பினால் போதும். இரண்டு பாதியும் பொருந்தினால் ஆள் சரி, சரக்கைக் கொடுக்கலாம்.

நான் இருபது வருடமாக மாதிரிக் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கே.ஒய்.சி. பாரத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கையெழுத்தைப் போலியாகப் போடலாம். உடைந்த கல்லின் விளிம்பைப் போலியாகச் செய்வது கஷ்டம். படிப்பே இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன்தான் பேங்கர்.

"இதோட மறுபாதி?"

"அங்க இருக்கும். இருந்தா."

பிறகு அவர் சொன்னதோடு, நான் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் திபெத் வியாபாரம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. பஞ்சசீலம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கொள்கைகள் இதன் முன்னுரையில்தான் வருகின்றன. எந்தெந்தக் கணவாய் வழியாகப் போகலாம் என்று அதில் ஆறு பெயர்கள். குங்ரி பிங்ரியும் அதில் உண்டு. ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு வருடம். எங்கள் பாஷையில் சொன்னால், டெனர் எட்டு வருடம், பார்ட்டிகள் சம்மதித்தால் ரெனியூவல். 1962 ஜூனில் காலம் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் யுத்தம் வந்தது. யுத்தத்தால் வியாபாரம் நின்றது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காகிதத்தில் அது நாலு மாதம் முன்னாலேயே நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஓடின கல்லின் கணக்கு, எட்டு வருடக் காகிதத்தோடு முடிந்தது.

பெரியவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் அப்பா முந்தின வருடம் மித்ரனிடம் தானியம் கடன் கொடுத்துவிட்டு வந்திருந்தார், அடுத்த கோடையில் கம்பளியாகத் திரும்ப வரவேண்டியது. அடுத்த கோடை வரவே இல்லை. ஆடுகளை விற்றார்கள். மிலம் வீட்டைப் பூட்டினார்கள். குமாவுனின் பெரிய கிராமங்களில் ஒன்றாக இருந்த மிலத்தில் பூட்டிய வீடுகளின் கூரை ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. இன்றும் கோடையில் சில குடும்பங்கள் மேலே போய் மூலிகையும் உருளைக்கிழங்கும் பயிரிடுகின்றன. 1967இல் அரசு இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகள் படித்தார்கள். தபால் துறை, ராணுவம், பள்ளிக்கூடம், ஐ.ஏ.எஸ். வரைக்கும் போனார்கள், வங்கிக்கும் வந்தார்கள். பெரியவரின் பிள்ளைகள் லக்னோவிலும் புனேயிலும். 1992இல் பக்கத்துப் பள்ளத்தாக்கின் லிபுலேக் வழியாகத் திபெத் வியாபாரம் மறுபடி தொடங்கியது. ஜோஹார் வழி திறக்கவில்லை.

"அப்பா சாகிற வரைக்கும் ஒண்ணு சொல்வார். அவன் ஏமாத்தலை. அவனால வர முடியலை. அதனால இது வராக்கடன் இல்லை."

வட்டி தொண்ணூறு நாள் வராவிட்டால் என்.பி.ஏ. என்று எழுதிவிடுகிற உத்தியோகம் என்னுடையது. நம் லிமிடேஷன் சட்டப்படி மூன்று வருடத்தில் இந்தக் கடனுக்கு வழக்கே போட முடியாமல் போயிருக்கும். அவர்கள் வீட்டில் மட்டும் இன்னும் கணக்கு திறந்தே இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. பரண்.

எங்கள் தாத்தா பதினாறு வயதில் ஒரு செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி பர்மா போனவர். பிறகு அடுத்தாள் ஆனார். பெகு பக்கம் கடை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைத் தானும் சிறு சிறு தொகையாக வட்டிக்கு விட்டிருந்தார். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தாத்தாவும் நடந்துதான் வந்தார். தலையில் அரிசி வைத்திருந்தால் பிழைப்பு, ஆனால் அவர் கொண்டு வந்தது கணக்கு நோட்டு. ஆச்சி சாகும்வரை இதைச் சொல்லித் திட்டுவார்கள். "அந்தக் காயிதத்துக்குப் பதிலா ரெண்டு வெள்ளிக் காசு முடிஞ்சுக்கிட்டு வந்திருந்தா ஆகும்." யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போகலாம், வசூல் செய்யலாம் என்று நினைத்தார். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்து நிலத்தை அரசுடைமை ஆக்கியது. தாத்தா போகவே இல்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். முன்சியாரிப் பெரியவரின் கடனும் தாத்தாவின் கடனும் ஒன்றில்லை. மித்ரனிடம் அடமானம் கிடையாது. பர்மாவில் நிலம் அடமானம். 1930இல் நெல் விலை சரிந்து விவசாயி கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அந்தப் பத்து வருடத்துக்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. அவர்கள் விரும்பி வாங்கியதில்லை, காசுக்குப் பதில் வந்தது. ஆனாலும் நிலம் போனவன் பேரன் இந்தக் கதையை எழுதினால் வேறு மாதிரிதான் எழுதுவான். அந்த நோட்டில் அவன் தாத்தாவின் பெயரும் இருக்கும். அதனாலேயே அது பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடாது என்று பட்டது.

போனில் சிக்னல் இல்லை. பெரியவர் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால் ஒரு கோடு வரும் என்றார்கள். பஞ்சசூலியைப் பார்த்துக்கொண்டு கத்தினேன்.

"அண்ணே, அந்தப் பெட்டியைப் போட்டுட்டீங்களா?"

"ஆள் வந்துட்டுப் போயிட்டான்டா. ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போனான். இன்னும் ஒரு பேரேடு கெடக்கு. துணி அட்டை போட்டது. செல்லரிச்சதை எடைக்கு எடுக்க மாட்டேன்னு வச்சுட்டுப் போயிட்டான். ஏன்டா?"

"எனக்கு அனுப்பி வைங்கண்ணே."

"நீதானடா போடச் சொன்ன?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போன இரண்டு கட்டில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைப் போடச் சொன்னது நான்தான், செல் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் காத்கோதாம் வரைக்கும். அங்கிருந்து சுமார் 280 கிலோமீட்டர், ஒரே நாளில் போக முயற்சிக்காதீர்கள், நடுவில் தங்குங்கள். ஏப்ரல், மே, அக்டோபர் நல்லது. மழைக் காலத்தில் மண்சரிவு. மிலம் போக முன்சியாரியிலிருந்து பல நாள் நடை, முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். காலியா டாப்புக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம். முன்சியாரி ராஜ்மா பிரசித்தம், தங்கமணி இரண்டு கிலோ வாங்கினார், சாம்பாரில் போட்டுப் பார்த்தோம், மோசமில்லை. பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்கு அவசியம் கூட்டிப் போங்கள்.

பேரேடு போன மாதம் பார்சலில் வந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். என் சொந்தத் தாத்தா எழுதிய கணக்கு, இருபது வருட வங்கி அனுபவம், ஒரு வரி படிக்க முடியவில்லை. தொகை எல்லாம் தமிழ் எண்ணில் இருக்கிறது. எனக்கு க-வும் உ-வும் தாண்டித் தெரியாது. ஊரில் வளராத, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் மகள் இணையத்தில் தமிழ் எண்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்கிறோம். பர்மாப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், பற்று, வரவு. நாலு பக்கம் முடிந்திருக்கிறது. பல பேர் பாதிக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டி இருந்தால், விற்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள்.